ஒரு எஃபிக்கு எத்தனை ஒலிம்பியா

கிட்ட வாங்க கண்ணுகளா. அந்தக் கம்பளியை முழங்கால் வரைக்கும் இழுத்து விட்டுக்கங்க, ஜன்னல் பக்கம் குளிர் ஏறுது. இன்னிக்கு ஒரு கதை சொல்றேன். இதில் ராஜாவும் இல்லை, பேயும் இல்லை. தங்களுக்குப் புத்தி இருப்பதாக நினைத்துக்கொண்ட ஆம்பிளைகள் நிறைய இருக்கிறார்கள். நாம் சிரிப்பதற்கு அது போதும்.

ஆயிரத்து எண்ணூற்று எண்பத்தேழாம் வருஷம். நான் அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து பீக்கன் தியேட்டரில் உடுப்பறை பார்த்துக்கொண்டிருந்தேன். நடிகைகளுக்குத் தைப்பது, பிரிப்பது, வியர்வை வாடை போக வினிகர் தெளிப்பது, அவர்கள் மூச்சைப் பிடித்துக்கொள்ளும்போது இடுப்புக் கச்சையின் நாடாவை இழுத்துக் கட்டுவது, இதுதான் என் பிழைப்பு.

சிகரெட் பைத்தியம் அப்போதுதான் ஊரைப் பிடித்திருந்தது. பெட்டி என்றால் மெல்லிய காகிதப் பெட்டி. சட்டைப் பையில் வைத்தால் நசுங்கும். நசுங்காமல் இருக்க உள்ளே ஒரு சின்ன அட்டை வைத்தார்கள். வெறும் அட்டையாகவே விட்டிருக்கலாம். விடுவார்களா? அதில் நாடக நடிகைகளின் படத்தைப் போட்டார்கள். ஐம்பது நடிகைகள். ஐம்பதையும் ஒட்டி வைக்க ஐம்பது கட்டம் போட்ட ஆல்பமும் கொடுத்தார்கள். அவ்வளவுதான், ஊரில் மீசை முளைத்தவன் எல்லாம் கட்டத்தை நிரப்பக் கிளம்பிவிட்டான். மாதா கோயிலில் காணிக்கைத் தட்டு பிடிக்கிற மனிதர்கள்கூட இருபது நடிகைகளை ஜெபப் புத்தகத்துக்குள் சொருகி வைத்திருந்தார்கள். புகை பிடிக்கிறதே இல்லை என்று பெண்டாட்டியிடம் சத்தியம் செய்தவர்கள் அவர்கள்.

எங்கள் தியேட்டரில் இரண்டு பேர் அந்த ஐம்பதில் இருந்தார்கள்.

ஒருத்தி ஒலிம்பியா டுவால். கழுத்தை நீட்டி, ஊரே தன் காலடியில் என்பது போலப் பார்க்கிற பெண். பிரெஞ்சுக்காரி என்று சொல்லிக்கொள்வாள். பிட்ஸ்பர்க்கில் பன்றிக்கறிக் கடை வைத்திருந்தவரின் மகள், நிஜப் பெயர் ஹெட்டி என்பது அவள் பெட்டிகளைச் சுமந்த எனக்குத் தெரியும். கறிக்கடைக்காரர் மகளாக இருப்பதில் என்ன குறை? அவளுக்குத்தான் அது குறையாகப் பட்டது.

இன்னொருத்தி எஃபி கார்பெரி. முப்பத்திநாலு வயது, புருஷன் இல்லை. ஏழு வயதில் வினி என்று ஒரு மகள். அந்தக் குழந்தைக்கு இடுப்பு எலும்பில் நோய். ஊர் ஆஸ்பத்திரியில் காலில் எடை கட்டித் தொங்கவிட்டு, மல்லாக்கப் படுக்க வைத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிக்கு மட்டும்தான் உள்ளே விடுவார்கள். எஃபி ஒரு ஞாயிறுகூடத் தவறியதில்லை.

எஃபியின் அட்டைப் படம் எப்படி எடுத்தார்கள் என்று சொல்கிறேன். புகைப்படக்காரர் கூடத்தில் தலை ஆடாமல் இருக்கப் பின்னால் இரும்புக் கொக்கி. பக்கத்தில் காகிதக் கூழால் செய்த பாறை. எஃபிக்கு அரண்மனை ஏவல் பையன் வேஷம், இறுக்கமான காலுறை. அவள் கால் குச்சி. அதனால் காலுறைக்குள் நான் கம்பளி வைத்துத் தைத்துக் கொடுத்தேன். பால்டிமோர் ஆண்கள் பெருமூச்சு விட்டது எல்லாம் என் தையலைப் பார்த்துத்தான். அவளுக்கு அந்தப் படத்தால் கால் காசு வரவில்லை. எடுத்தவன் சிகரெட் ஆலைக்கு விற்றுவிட்டான், அதுதான் அந்தத் தொழிலின் வழக்கம்.

இப்போது முதலாளிக்கு வருவோம். பெயர் ஆம்புரோஸ் கிட்வெல். நாடகத்தைப் பற்றி அவருக்குத் தெரிந்தது, திரை மேலே போகும், கீழே வரும் என்பது மட்டும். தினம் காலை பதினொரு மணிக்கு எதிர்ச் சாரியில் ஓட்டோ என்ற ஜெர்மன்காரர் கடையில் சவரத்துக்கு உட்காருவார். அங்கே முறைக்குக் காத்திருக்கிற ஆண்களுக்கு அட்டை மாற்றுவதே வேலை. நாலு எஃபி கொடுத்தால் ஒரு ஒலிம்பியா. செப்டம்பரில் அதுதான் நிலவரம். கிட்வெல் முகத்தில் நுரையோடு இதைக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். மூளையில் ஏதோ எரிந்திருக்கிறது.

குளிர்காலத்துக்கு இரண்டு நாயகிகளை வைத்துக்கொள்ள முடியாது, ஒருத்திதான் என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார். யார் என்று எல்லோரும் காத்திருந்தோம். ஒரு நாள் ஒத்திகைக்கு நடுவில் வந்து, மழமழவென்ற தாடையைத் தடவிக்கொண்டே தீர்ப்புக்கு வழி சொன்னார்.

"நடிப்பைப் பத்தி யாரும் எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். மொகத்துல சோப்போட உக்காந்திருக்கிறவன் பொய் சொல்ல மாட்டான். நவம்பர் கடைசியில வர்ற நன்றித் திருநாளுக்கு முந்தின சனிக்கிழமை ஓட்டோ கடையில யாரோட அட்டைக்கு மதிப்பு ஜாஸ்தியோ, அவதான் குளிர்காலத்துக்கு. கடையிலயும் எல்லார் முன்னாடியும் சொல்லிட்டு வந்துட்டேன்."

பாருங்க, பதினெட்டு வருஷம் மேடையில் நின்ற பெண்ணுக்குத் தராசு பிடிக்க முடிவெட்டும் கடை. மாட்டை வாங்குகிறவன்கூட நடக்கவிட்டுப் பார்ப்பான்.

எஃபி நேராக உடுப்பறைக்கு வந்து பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்துக் காட்டினாள். மேற்கே டென்வர் பக்கம் ஊர் ஊராகப் போகிற ஒரு குழு அவளைக் கூப்பிட்டிருந்தது. நவம்பரில் கிளம்பினால் ஜூனில்தான் திரும்ப முடியும். அதே சனிக்கிழமைக்குள் பதில் போட வேண்டும். இங்கே இடம் போனால் அங்கே போயாக வேண்டும், வேறு சோறு இல்லை. அது எத்தனை ஞாயிறு என்று அவள் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தாள். நான் அவள் கையைப் பிடித்து மடக்கிவிட்டேன்.

நாலுக்கு ஒன்று என்ற நிலவரத்தில் ஒலிம்பியா சும்மா இருந்திருந்தாலே ஜெயித்திருப்பாள். சும்மா இருக்க முடிந்தால் அவள் ஏன் ஒலிம்பியா? சிகரெட் ஆலையின் ஏஜெண்ட் பெர்சி டப்ஸ் என்று ஒருவன். மெழுகு தடவிய மீசை, மஞ்சள் கையுறை. அவனோடு இரண்டு மூன்று முறை ஆமைக்கறிச் சாறு சாப்பிடப் போனாள். மூன்றாவது விருந்துக்கு மறுநாள் நான் கச்சை நாடாவை இழுத்துக்கொண்டிருந்தபோது அவளே பெருமையாகச் சொன்னாள்.

"ஹான்னா, இனிமே இந்த ஊர்ல எவன் பெட்டியைத் தொறந்தாலும் நான்தான் சிரிப்பேன். டப்ஸ் வாக்குக் குடுத்திருக்கான்."

எஃபியின் படம் என்ன ஆகும் என்று கேட்டேன். அவள் படத்தை அச்செடுக்கிற கண்ணாடித் தகடு கை தவறி விழுந்து உடைந்ததாகக் கணக்கு எழுதிவிடுவார்களாம். சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரித்ததில் நாடா ஒரு கண்ணி கழன்றது. நான் அதை மறுபடி இறுக்கினேன், கொஞ்சம் தேவைக்கு மேலேயே.

எஃபியிடம் சொன்னபோது அவள் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. ஊரெல்லாம் ஒலிம்பியா, தான் எங்குமே இல்லை என்றால் கதை முடிந்தது என்று அவள் நினைத்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்த முட்டாள்தனத்தில் எனக்கும் பங்கு உண்டு, மறைக்க மாட்டேன்.

அன்றிலிருந்து நாங்கள் எஃபியைத் தேட ஆரம்பித்தோம். மேடைத் தச்சர் கஸ்ஸும் அவருடைய ஆட்களும் தலைக்கு இரண்டு பெட்டி வாங்குவார்கள். இடைவேளையில் எல்லோரும் பெட்டியைத் திறப்போம். கழுத்தை நீட்டிய ஒலிம்பியா. அடுத்த பெட்டியிலும் அவளே. அதற்கடுத்ததிலும். மூன்று வாரத்தில் எங்களிடம் நூற்றுக்கு மேல் ஒலிம்பியா சேர்ந்துவிட்டது, எஃபி ஒன்றுகூட இல்லை. கஸ்ஸுக்கு இருமல் வந்ததுதான் மிச்சம். ஆடுகிற மேஜைக் காலுக்கு அடியில் இரண்டு ஒலிம்பியா, ஜன்னல் சந்தில் காற்று வராமல் நாலு ஒலிம்பியா என்று நாங்களே வைத்துப் பார்த்தோம். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் வினி அடுத்த ஞாயிறு ஆரஞ்சு கொண்டு வரச் சொன்னாளாம். சரி என்று சொல்லிவிட்டு வந்து, அந்த அடுத்த ஞாயிறு தன் கையில் இருக்குமா என்று எஃபி என் முன்னால் உட்கார்ந்து அழுதாள். டென்வருக்கு வருவதாகப் பதில் கடிதம் எழுதி, தேதி போட்டு, ஒட்டாமல் பையில் வைத்திருந்தாள்.

நவம்பர் நடுவில் ஒரு நாள் குதிரை டிராமில் ஏறினேன். தரையெல்லாம் ஒலிம்பியா. சேறு பூசிய பூட்ஸுகள் அவள் கழுத்தின் மேல் நின்றன. சந்தையில் சிப்பி உடைக்கிறவன் கத்தியில் ஒட்டிய அழுக்கை ஒரு ஒலிம்பியாவில் வழித்து எறிந்தான். குனிந்து பார்க்கக்கூட ஆள் இல்லை. ஏதோ புரிகிற மாதிரி இருந்தது. என்ன என்று பிடிபடவில்லை.

தீர்ப்பு நாளான அந்தச் சனிக்கிழமை கிட்வெல் சட்டையில் மாட்டுகிற மாற்றுக் காலரை மறந்துவிட்டுச் சவரத்துக்குப் போனார். அதை எடுத்துக்கொண்டு நான் ஓட்டோ கடை வாசலுக்குப் போனேன். பெண்கள் உள்ளே போகிற வழக்கம் இல்லை. கதவைப் பாதி திறந்து, பிடித்துக்கொண்டு நின்றேன். வெளியே வாடகை வண்டி ஒன்று. அதில் இறகுத் தொப்பியோடு ஒலிம்பியா. தீர்ப்பைக் கேட்டு முதல் ஆளாக வாழ்த்து வாங்கிக்கொள்ள வந்திருந்தாள்.

உள்ளே முறைக்குக் காத்திருந்தவர்கள் ஒன்பது பேர். கிட்வெல் நாற்காலியில் சாய்ந்து, கழுத்து வரை துணி போர்த்தி, முகம் நிறைய நுரை. பக்கத்துச் சுவரில் ஒரு ஆணி. கத்தியில் சேரும் நுரையை வழிக்க ஓட்டோ வழக்கமாகக் கிழித்த செய்தித்தாள் மாட்டி வைப்பார். அன்றைக்கு அந்த ஆணியில் ஒரு கற்றை ஒலிம்பியா. ஓட்டோ ஒரு இழுப்பு இழுப்பார், ஒரு ஒலிம்பியாவைப் பிய்த்து வழிப்பார், தொட்டியில் போடுவார். இன்னொரு இழுப்பு, இன்னொரு ஒலிம்பியா.

காப்பீட்டு ஆபீஸ் எழுத்தர் லெமுவல் பிஞ்ச் மடியில் ஆல்பத்தை விரித்து வைத்திருந்தார். நாற்பத்தொன்பது கட்டம் நிரம்பிவிட்டது. ஒரே ஒரு கட்டம் காலி. எஃபி கார்பெரி. வாரக் கணக்கில் தேடுகிறாராம். துறைமுகத்துக் கப்பல் வழிகாட்டி ஒருவரிடம் பழைய எஃபி ஒன்று இருந்தது. முட்டையை ஏந்துகிற மாதிரி உள்ளங்கையில் வைத்திருந்தார். என் கம்பளிக் கால் அந்த மனிதனின் கையில் மின்னியது.

பிஞ்ச் பத்து ஒலிம்பியா தருகிறேன் என்றார். வழிகாட்டி தலையை ஆட்டினார். இருபது, முப்பது என்று ஏறி அறுபதில் வந்து நின்று, கூடத் தன் புதுத் தொப்பியையும் தருவதாகச் சொன்னார்.

"தொப்பியை மட்டும் குடு போதும்," என்றார் வழிகாட்டி. "ஒலிம்பியாவை எல்லாம் என் தலையில கட்டாதே. எங்க கொண்டுபோய்க் கொட்டுறது?"

கடையே சிரித்தது. அந்தச் சிரிப்பு நின்ற பிறகுதான் எல்லோருக்கும் என்ன நாள் என்று ஞாபகம் வந்தது. ஒன்பது தலையும் நாற்காலிப் பக்கம் திரும்பின. கிட்வெல் நுரைக்குள்ளிருந்து ஏதோ முனகினார். அது சும்மா விளையாட்டுக்குச் சொன்னது, இதை எல்லாம் ஒரு பேச்சாக எடுத்துக்கொள்வார்களா என்கிற மாதிரி இருந்தது. எழுந்திருக்கப் பார்த்தார்.

ஓட்டோ கத்தியை அவர் தொண்டைப் பக்கத்திலேயே நிறுத்தி வைத்துக்கொண்டு, ரொம்ப மரியாதையாகச் சொன்னார்.

"நீங்க அன்னிக்குச் சொன்னதை இங்க இருக்கிற ஒம்பது பேரும் கேட்டாங்கய்யா. சோப்போட இருக்கிறவன் பொய் சொல்ல மாட்டான்னும் சொன்னீங்க. அசையாதீங்க, வெட்டிரும்."

கிட்வெல் அசையவில்லை. தீர்ப்பு ஆகிவிட்டது.

நான் கதவைப் பிடித்திருந்ததால் எல்லாம் வெளியே கேட்டது.  ஒலிம்பியா கையுறைக் கையால் வண்டியைத் தட்ட, அது கிளம்பியது. அந்த நிமிஷம் அவள் முகத்தில் பிட்ஸ்பர்க் ஹெட்டியைப் பார்த்தேன். அவளைப் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்றுதான் இருந்தேன், சிரிப்பு வரவில்லை. சிரிக்க வேண்டியது வேறு ஆட்களைப் பார்த்து. ஒரு பெண்ணை ஆகாயத்தில் வைப்பார்களாம், மூன்று மாசத்தில் அவள் மேல் நுரை துடைப்பார்களாம். இரண்டுக்கும் நடுவில் அந்தப் பெண் மூக்கு நுனிகூட மாறவில்லை. எளிதாகக் கிடைக்கிறதா இல்லையா, அவர்களுக்குத் தெரிந்த ரசனை அவ்வளவுதான். இதில் ஒருத்தனும் எஃபி பேசி ஒரு வசனம் கேட்டவன் இல்லை என்று பந்தயம் கட்டுவேன்.

நான் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன். எஃபி தபால்பெட்டிப் பக்கம் போய்க்கொண்டிருந்தாள். கடிதம் கையில். மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன். நம்பவில்லை. இரண்டாம் முறை சொன்னேன். கடிதத்தை நாலாக மடித்து, எட்டாக மடித்து, கைக்குள் பொத்திக்கொண்டாள்.

கிட்வெல் பாதித் தாடை சிவந்து, முகம் முழுக்கச் சிரிப்போடு தியேட்டருக்கு வந்தார். வழியில் யோசித்துத் தயார் செய்திருக்கிறார். எஃபியிடம் ஏதோ ஒன்று இருப்பதை முதல் நாளே தான் கண்டுபிடித்ததாகவும், பொறுமையாகக் காத்திருந்ததாகவும் சொன்னார். அவளுடைய முகத்தில் ஒரு அபூர்வம் இருக்கிறதாம்.

"போன வாரமும் இதே மொகந்தான் ஐயா இருந்துது," என்றாள் எஃபி. "நீங்க பாக்கலை. சரி, காகிதத்துல எழுதுங்க. குளிர்காலம் முழுக்க, வசந்தம் வரைக்கும். ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஒத்திகை கிடையாது. கையெழுத்துப் போட்டுட்டு அபூர்வத்தைப் பத்திப் பேசலாம்."

போட்டார். பேனா மையை உறிஞ்சுகிற காகிதத்தை நானே அழுத்தினேன்.

மை காய்வதற்குள் பெர்சி டப்ஸ் வந்துவிட்டான். மஞ்சள் கையுறையில் பூங்கொத்து. தகடு உடைந்தது பெரிய துரதிருஷ்டமாம், ஆலையில் எல்லோரும் வருந்துகிறார்களாம். ஊரே எஃபிக்குத் தவிக்கிறது, திங்கட்கிழமையே புதுப் படம் எடுத்துவிடலாம், தினம் பத்தாயிரம் அடித்து ஒவ்வொரு பெட்டியிலும் போடலாம் என்றான். கிட்வெல் கையைத் தேய்த்துக்கொண்டார். ஒவ்வொரு பெட்டியிலும் என்று இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார், இனிப்பாக இருந்தது போல. அந்த மனிதர் நாற்காலியை விட்டு எழுந்து இன்னும் ஒரு மணி நேரம் ஆகவில்லை கண்ணுகளா. தாடையில் நுரை ஈரம்கூடக் காயவில்லை.

எஃபி பூங்கொத்தை வாங்கி முகர்ந்து பார்த்தாள். திருப்பிக் கொடுத்தாள்.

"ஒவ்வொரு பெட்டியிலயும் போட்டீங்கன்னா கிறிஸ்துமஸுக்குள்ள ஓட்டோ என்னை ஆணியில மாட்டிடுவாரு. என் மொகம் வேணுங்கிறவன் டிக்கெட் வாங்கட்டும். மேடையில நிப்பேன், பேசுவேன். கேட்டுட்டுப் போகட்டும்."

டப்ஸ் கிட்வெலைப் பார்த்தான், கிட்வெல் டப்ஸைப் பார்த்தார். அவள் என்ன சொன்னாள் என்று இருவருக்கும் விளங்கவில்லை. அன்றைக்கு மட்டுமல்ல, சாகிற வரைக்கும் கிட்வெலுக்கு விளங்கவில்லை. எஃபிக்குத் தலைக்கனம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

டென்வர் குழுவில் எஃபிக்கு வைத்திருந்த இடத்தை ஒலிம்பியா எடுத்துக்கொண்டாள். அந்தப் பக்கம் அந்த அட்டை இன்னும் போய்ச் சேரவில்லை. முதல் மாசம் அவளைத் தோளில் தூக்காத குறை என்று கேள்வி. ரயிலில் சிகரெட் பெட்டிகள் வந்து இறங்கியதும் அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடுவாளாம். பெட்டி பின்னாலேயே வரும், இவள் முன்னால் ஓடிக்கொண்டே இருப்பாள். கெட்டிக்காரிதான். அவ்வளவு கெட்டிக்காரத்தனத்தையும் வேறு எதிலாவது போட்டிருக்கலாம்.

எஃபி அந்தக் குளிர்காலம் முழுக்க எங்கள் மேடையில் நின்றாள். சில நாள் நன்றாக நடித்தாள், சில நாள் வசனத்தை விழுங்கினாள், எல்லோரையும் போல. அந்தத் தீர்ப்புக்கு மறுநாள் ஞாயிறு இரண்டு மணிக்கு ஆஸ்பத்திரி வாசலில் மூன்று ஆரஞ்சோடு நின்றாள். கதவு திறந்ததும் அத்தனை தாய்மார்களையும் முந்திக்கொண்டு போனாள் என்று பிறகு என்னிடம் சொன்னாள். வினிக்கு உரித்துக் கொடுத்து, அடுத்த ஞாயிறும் வருவேன், அதற்கு அடுத்ததும் வருவேன் என்று சொன்னாளாம். குழந்தை அதைப் பெரிதாகவே எடுத்துக்கொள்ளவில்லை. வராமல் எங்கே போவாய் என்று கேட்டுவிட்டு, வாய் நிறையச் சுளையைப் போட்டுக்கொண்டதாம்.

அவ்வளவுதான் கண்ணுகளா, எழுந்திருங்க. உங்க வீட்டு அடுப்பு எப்பவும் கனிஞ்சு எரியட்டும். நோயில படுத்தவங்க எழுந்து நடக்கட்டும். உங்க வீட்டுப் பெண்கள் தங்கள் கதவைத் தாங்களே திறந்து, தாங்களே சாத்திக்கிற மாதிரி வாழட்டும். அவங்களுக்கு விலை சொல்ல வர்றவன் உங்க தெருவுக்கு வழி தெரியாமலே திரும்பிப் போகட்டும்.